ஏஜென்ட்டுக்கு குவெரி அனுப்பிட்டு காத்துக்கிட்டே இருக்கேன், நீங்கள்லாம் எப்படித்தான் தாங்குறீங்க?

மல்லிப்பொட்டலம்
ஜூலை 22, இரவு 11.52

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னைக்கு எழுதாம இருக்க முடியலை.

நான் மதுரை, வில்லாபுரம் பக்கம். பகல்ல ஒரு ஆபீஸ்ல கணக்கு வேலை, ராத்திரி பிள்ளை தூங்கின பிறகு எழுத்து. ஆறு வருசம் இழுத்து ஒரு நாவல் இங்கிலீஷ்ல முடிச்சேன். மேலூர் பக்கம் பெரியாறு கால்வாய் கடைமடையில ஒரு ஊரு, தண்ணி வந்த வருசம் வராத வருசம்னு ரெண்டு குடும்பத்து கதை, 92,000 வார்த்தை. ஜனவரில இருந்து லண்டன், நியூயார்க், டெல்லின்னு 34 ஏஜென்ட்டுக்கு, அதான் நம்ம நாவலைப் பதிப்பகத்துக்கு கொண்டு போயி வித்துக் குடுக்குறவங்களுக்கு, குவெரின்னு சொல்ற அறிமுகக் கடிதம் அனுப்பியாச்சு. 17 பேரு வேண்டாம்னுட்டாங்க, எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி ஒரே பதில். 14 பேருகிட்ட இருந்து ஒரு சத்தமும் இல்லை. ரெண்டு பேரு முதல் 50 பக்கம் கேட்டாங்க, படிச்சுட்டு வேண்டாம்னாங்க. ஒரே ஒருத்தர் மட்டும் முழுசும் அனுப்புங்கன்னு ஏப்ரல் முதல் வாரத்துல கேட்டாங்க, அனுப்பினேன், இன்னைக்கு வரைக்கும் பதில் இல்லை.

படுக்கும்போது போன் தலகாணிக்கு அடியிலதான் இருக்கு. ஒன்றரை மணிக்கு தானா முழிப்பு வருது, மெயிலை கீழ இழுத்து விடுறேன், அந்த வட்டம் சுத்துறதையே பாத்துக்கிட்டு கெடக்குறேன். நேத்து ராத்திரி ஒண்ணு வந்துச்சு. எம்பேரு கூட இல்லை, அன்புள்ள எழுத்தாளருக்குன்னு ஆரம்பிச்சு மூணு வரி. என்னை அறியாம அழுதிருக்கேன் போல, மக எந்திரிச்சு ஏம்மான்னு கேட்டுட்டா.

எழுதுறது சரிப்பட்டு வருமான்னு நான் கேக்கலை. இந்தக் காத்திருக்குறதை எப்படி பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கூடல் ராசா
ஜூலை 23, காலை 7.10

அக்கா எனக்கும் இதே கதைதான், 20 அனுப்பி 20ம் போச்சு. என்னைக் கேட்டா இது நமக்கு திறக்குற கதவே இல்லை. அங்க இருக்குறவங்களுக்கு மதுரைன்னா கோயில், மேலூருன்னா எங்கன்னே தெரியாது. தெரிஞ்ச ஆளு இல்லாம எவனும் படிக்கப் போறதில்லை. கோவமாத்தான் எழுதுறேன், மன்னிச்சுக்கங்க.

சிம்மக்கல் டிடிபி
ஜூலை 23, காலை 9.35

தாயி, நீங்க கேட்டது சரியான கேள்வி, அதுக்கு மட்டும் பதில் சொல்றேன், நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

நான் 24 வருசமா டிடிபி கடை வச்சிருக்கேன், ஊரு பிள்ளைக தீசிஸ் எல்லாம் அடிச்சுக் குடுத்த கை. என்னோட முதல் நாவலுக்கு ரெண்டு வருசத்துல 61 பேருக்கு எழுதினேன், ஒருத்தரும் எடுக்கலை, அது இன்னைக்கும் பீரோவுலதான் இருக்கு. ரெண்டாவது நாவலுக்கு 23வது கடிதத்துல ஒருத்தங்க சரின்னாங்க. சரின்ன பிறகு அவங்க பதிப்பகத்துக்கு கொண்டு போயி விக்கிறதுக்கு 11 மாசம். அதனால இப்பவே சொல்லிருறேன், ஏஜென்ட் கிடைச்சா காத்திருக்குறது முடிஞ்சுரும்னு மட்டும் நினைச்சுராதீங்க, பெறகு அவங்க காத்திருப்பாங்க, அவங்களோட சேந்து நீங்களும் காத்திருப்பீங்க. ஒப்பந்தம் போட்டு புக்கு கைக்கு வர மேக்கொண்டு ஒரு வருசம் ரெண்டு வருசம் ஆகுறது சாதாரணம். இது முழுக்க பைய நகர்ற தொழில். நம்ம மனசுதேன் அந்த வேகத்துக்கு இறங்கணும்.

முதல்ல அந்த போனு. நியூயார்க்குல காலைல பத்து மணின்னா நமக்கு ராத்திரி ஏழரை, அங்க சாயங்காலம் அஞ்சுன்னா நமக்கு விடியக்காலம் ரெண்டரை. (குளிர்காலத்துல ஒரு மணி நேரம் கூடிக்கும்.) லண்டன்காரங்க நமக்கு ராத்திரி பத்தரைக்குள்ள கடையைக் கட்டிருவாங்க. அதாவது நீங்க தூங்குற நேரம்தான் அங்க வேலை நேரம், நீங்க முழிச்சு முழிச்சு பாக்குறதுல ஆச்சரியமே இல்லை. ஆனா காலைல ஆறு மணிக்கு ஒரே ஒரு தடவை பாத்தீங்கன்னா முந்தின நாளு ரெண்டு ஊருலயும் வந்ததெல்லாம் உள்ள இருக்கும், அதுக்குப் பெறகு மதியம் வரைக்கும் ஒண்ணும் வராது. இதுக்குன்னே தனியா ஒரு மெயில் ஐடி போட்டு, அதை போன்ல இருந்தே எடுத்துட்டேன், கடை கம்ப்யூட்டர்ல மட்டும் வச்சேன். ஷட்டரைத் தூக்குன உடனே ஒரு தடவை, அம்புட்டுதேன். முதல் பத்து நாளு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், பெறகு பழகிருச்சு.

ரெண்டாவது நோட்டு. 40 பக்க நோட்டுல அஞ்சு கோடு போட்டு யாரு, எந்த தேதி, என்ன அனுப்பினேன், எத்தனை வாரம்னு அவங்க வெப்சைட்டுல போட்டிருக்காங்க, கெடு முடியுற தேதி. நெறைய பேரு ஆறு வாரம், எட்டு வாரம், பன்னெண்டு வாரம்னு சொல்லியிருப்பாங்க, பதில் வரலைன்னா வேண்டாம்னு அர்த்தம்னும் சில பேரு அங்கயே எழுதிப் போட்டிருப்பாங்க. அந்த தேதி வந்த அன்னைக்கு சிவப்புப் பேனாவை எடுத்து குறுக்க ஒரு கோடு. உங்க 14 பேருல எத்தனை பேருக்கு கெடு தாண்டிருச்சுன்னு பாருங்க, தாண்டினதுக்கெல்லாம் கோடு போடுங்க. அது பதில் வராத கடிதமா கெடக்குற வரைக்கும்தான் மனசு அங்கயே சுத்திக்கிட்டு இருக்கும். கோடு போட்டா அடுத்த பேருக்கு எடம் கெடைச்சுரும்.

மூணாவது, ஒரேயடியா முப்பதுக்கும் அனுப்பாதீங்க. ஆறு ஆறா அனுப்புங்க. ஆறுல ஒருத்தரு கூட பக்கம் கேக்கலைன்னா கோளாறு கடிதத்துலயோ முதல் அஞ்சு பக்கத்துலயோ இருக்கு, அதைத் திருத்திட்டு அடுத்த ஆறு. பக்கம் கேட்டுட்டு வேண்டாம்னா கடிதம் நல்லாத்தான் இருக்கு, உள்ள கதை எங்கயோ இழுக்குது. உங்களுக்கு 34ல மூணு பேரு கேட்டிருக்காங்கல்ல, கடிதம் வேலை செய்யுது தாயி. அழுத அன்னைக்கு இது கண்ணுக்குத் தெரியாது, அதான் எடுத்துச் சொல்றேன்.

ராசா தம்பி, உங்க கோவம் எனக்குத் தெரியாததில்லை. 1930கள்ல ஆர்.கே.நாராயண் தன்னோட முதல் நாவலை லண்டனுக்கு அனுப்பி அனுப்பி திரும்பி வந்து, கடைசில அங்க இருந்த சிநேகிதனுக்கு அதைக் கல்லைக் கட்டி தேம்ஸ் ஆத்துல போட்டுருன்னு எழுதிட்டாரு. அந்த சிநேகிதன் போடலை, இங்கிலீஷ் நாவலாசிரியர் கிரஹாம் கிரீன்கிட்ட கொண்டு போயி குடுத்தாரு, 1935ல புக்கா வந்துருச்சு. தெரிஞ்ச ஆளு வேணும்னு நீங்க சொல்றதுக்கும் அது உதாரணம்தான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் காலத்துல நாராயணுக்கு இல்லாத ஒண்ணு நமக்கு இருக்கு, எந்த ஏஜென்ட் என்ன மாதிரி கதை தேடுறாங்கன்னு அவங்களே பப்ளிக்கா எழுதிப் போட்டிருக்காங்க. அதைப் படிக்காம அனுப்புன 20ஐயும் 20ன்னு கணக்குல வைக்காதீங்க.

திருநகர் டு லண்டன்
ஜூலை 23, பிற்பகல் 3.20

நான் திருநகர்ல பொறந்து வளந்தவ, இப்ப லண்டன்ல. படிக்கும்போது ஒரு ஏஜென்சில ஆறு மாசம் உதவியாளா இருந்தேன், பேரு வேண்டாம். உள்ள என்ன நடக்குதுன்னு பாத்ததை அப்படியே சொல்றேன், சிம்மக்கல் அண்ணே சொன்னதுக்கு ஒட்டித்தான் இருக்கும்.

ஏஜென்ட்டுக்கு சம்பளம்னு எழுத்தாளர்கிட்ட இருந்து ஒண்ணும் கிடையாது. புக்கு வித்தா உள்ளூர் உரிமைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைக்கு பொதுவா 20 சதவீதம். அதனால பகல் பூரா ஏற்கனவே கையெழுத்து போட்ட எழுத்தாளருங்க வேலைதான் ஓடும், ஒப்பந்தம், எடிட்டரோட பேச்சு, ராயல்டி கணக்கு, அட்டைப் படம் பிடிக்கலைன்னு ஒரு சண்டை. புதுசா வர்ற கடிதத்தைப் படிக்கிறதுக்கு யாரும் காசு தர்றதில்லை, அது ராத்திரியிலயும் ட்ரெயின்லயும் ஞாயித்துக்கிழமையும்தான் நடக்கும். உங்க நாவல் நாலு மாசம் கெடக்குதுன்னா அவங்க படிச்சு முகத்தைச் சுளிச்சுட்டு வச்சுட்டாங்கன்னு நீங்க நினைப்பீங்க. நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல தொறக்கவே இல்லாம டேப்லெட்டுல அடுக்கி இருந்துச்சு, எங்க ஏஜென்ட் மேடம் அதைப் பாத்து பாத்து அவங்களே வெசனப்படுவாங்க.

ஒரு தடவை நடந்ததைச் சொல்றேன். ஒரு கடிதம், நல்ல கடிதம், ஒரு மலையோர ஊரு, ஒரு தபால்காரம்மா. நான் தூக்கிட்டு ஓடினேன், மேடமும் படிச்சாங்க, மூணு அத்தியாயம் கேட்டு வாங்கிப் படிச்சாங்க, பிடிச்சிருந்துச்சு. ஆனா அதே மாதிரி ஊரு, அதே மாதிரி ஒரு வயசான அம்மா கதை அவங்க கையில ஏற்கனவே ஒண்ணு எடிட்டருங்ககிட்ட சுத்திக்கிட்டு இருந்துச்சு. ரெண்டையும் ஒண்ணா விக்க முடியாது. வேண்டாம்னு எழுதச் சொன்னாங்க, அந்த மூணு வரியை அடிச்சதே நான்தான். அவங்களுக்கு இந்தக் காரணத்தை எழுதுறதுக்கு நேரமும் இல்லை வழக்கமும் இல்லை. அந்த எழுத்தாளர் இன்னைக்கு வரைக்கும் தன் எழுத்துல ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தா எம்மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அதனாலதான் இந்த இழையைப் பாத்த உடனே எழுத உட்காந்துட்டேன்.

அச்சடிச்ச பதில்ல இருந்து ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது, அதை நோண்டாதீங்க. உங்க பேரு போட்டு, கதைல இருந்து ஏதாவது ஒண்ணைத் தொட்டு எழுதியிருந்தா அதை மட்டும் எடுத்து வைங்க, அப்படி எழுத அவங்களுக்கு கட்டாயமே கிடையாது.

தெப்பக்குளம்77
ஜூலை 23, இரவு 9.05

எல்லாம் சரி, ஆனா எதுக்கு இம்புட்டு கஷ்டம்? அமேசான் கிண்டில்ல மின்புத்தகமா நீங்களே ஏத்திரலாம், விலையைப் பொறுத்து 35 இல்லாட்டி 70 சதவீதம் ராயல்டி, யாரு கிட்டயும் கையேந்த வேண்டாம். நான் மூணு புக்கு அப்படித்தான் போட்டேன், சந்தோசமா இருக்கேன். தப்பா சொல்லலை, ஒரு பிள்ளைக்குத் தாயி ராத்திரி பூரா அழுதுக்கிட்டு இருக்குறதைப் படிக்க முடியலை, அதான்.

மல்லிப்பொட்டலம்
ஜூலை 23, இரவு 11.15

தெப்பக்குளம் சார், நீங்க அக்கறையில சொல்றீங்கன்னு புரியுது. எனக்கு என்னன்னா, அட்டை போடுறது, விளம்பரம், பத்து பேருகிட்ட சொல்லிச் சொல்லி விக்கிறது, அதுக்கு எங்கிட்ட நேரமும் இல்லை தெம்பும் இல்லை. இந்தக் கதையை ஒரு நல்ல எடிட்டர் கையில குடுத்து அவங்க குறை சொல்லி நான் திருத்தி, அப்படி வரணும்னுதான் ஆசை. அந்த ஆசை தப்பில்லைன்னு நினைக்கிறேன்.

அண்ணே, இன்னைக்கு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடையில ஒரு நோட்டு வாங்கினேன். 14ல 9 பேருக்கு கெடு தாண்டிருச்சு. கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டுக்கும் நெஞ்சு பக்குனு இருந்துச்சு, ஒம்போதாவது போட்டு முடிச்சப்ப பசிச்சுச்சு, எந்திரிச்சு போயி மூணு இட்லி சாப்பிட்டேன். போனை ஹால்லயே வச்சுட்டு படுக்கப் போறேன்.

உசிலை டீச்சர்
ஜூலை 24, காலை 6.40

மல்லி, நல்லா தூங்குனியாம்மா?

நான் தமிழ்லதான் எழுதுறேன், எங்க பக்கம் ஏஜென்ட்டுங்குற வழக்கமே பெரும்பாலும் கிடையாது, நேரா பதிப்பாளர்கிட்டதான். சென்னைக்கு அனுப்பிட்டு, ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு வருமா வருமான்னு பாத்து, வராம, அடுத்த ஜனவரி. என் ரெண்டாவது தொகுப்பு ஒரு எடத்துல ஒண்ணே முக்கா வருசம் இருந்துச்சு, கடைசில போன் பண்ணிக் கேட்டா கோப்பு எங்கன்னே தெரியலைன்னுட்டாங்க. அன்னைக்கு ஸ்கூல்ல அஞ்சாவது பீரியடு, பிள்ளைகளுக்கு முகத்தைக் காட்ட முடியாம போர்டுல திரும்பி நின்னு எழுதிக்கிட்டே இருந்தேன். அதனால மொழி மாறினாலும் வலி ஒண்ணுதான்.

நம்ம பக்கத்து மனுசன், எழுத்தாளர் சி.சு.செல்லப்பா. சின்னமனூர்ல பொறந்து, வத்தலக்குண்டுல வளந்து, மதுரைக் கல்லூரியில படிச்சவரு. 1959ல அவரோட வாடிவாசல் நாவல் வருது, நம்ம ஊரு மாடுபிடி கதை. அது இங்கிலீஷ்ல ஒரு பெரிய பதிப்பகத்துல புக்கா வந்தது 2013ல, அவரு போயி பதினாலு வருசத்துக்குப் பெறகு. சுதந்திர தாகம்னு மூணு பாக நாவல், 1997ல, 85 வயசுல, போட ஆளில்லாம தானே செலவு பண்ணிப் போட்டாரு. அதுக்கு 2001ல சாகித்ய அகாதமி குடுத்தாங்க, வாங்குறதுக்கு அவரு இல்லை. புக்கைப் பையில போட்டுத் தூக்கிக்கிட்டு காலேஜ் காலேஜா ஏறி எறங்குன மனுசன். இதைச் சொல்லி உன்னைப் பயமுறுத்தலை, அவரு பட்ட பாடு நியாயம்னும் நான் சொல்லமாட்டேன், அவரைக் காக்க வச்சது தப்புதான். தெப்பக்குளம் சார் சொல்ற வழியும் அவரு போன வழிதானேன்னு தோணுச்சு, அதுலயும் காத்திருக்குறது இருந்துச்சு.

இன்னொண்ணு சொல்லணும். மதுரையில நாங்க குடியிருந்த தெருவுல சௌராஷ்டிரா அம்மா ஒருத்தங்க சுங்குடிக்கு முடிச்சுப் போடுவாங்க. வெள்ளைத் துணியில புள்ளி வச்சு வந்திருக்கும், நகத்தால துணியைக் கிள்ளித் தூக்கி, நூலை ரெண்டு மூணு சுத்து, ஒரு இழுப்பு, அடுத்த புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு. திண்ணையில உட்காந்து நம்மகிட்ட பேசிக்கிட்டேதான் போடுவாங்க, கண்ணு துணியில இருக்காது, விரல் தானா போகும். முடிச்சு போடுறப்ப சேலை வெள்ளையாத்தான் கெடக்கும், சுருங்கி, முண்டு முண்டா, பாக்க ஒண்ணும் இருக்காது. சாயம் வேற எடத்துல போடுவாங்க. அந்த அம்மாவுக்கு பாதி சேலை என்ன கலரா போச்சுன்னே தெரியாது. ஒரு தடவை நான் கேட்டேன், பாக்கணும்னு ஆசையா இருக்காதாம்மான்னு. இருக்கும் கண்ணு, ஆனா மடியில அடுத்த துணி வந்துருமேன்னாங்க. அதுல இருந்து எனக்கு ஒரு பழக்கம், ஒண்ணை அனுப்புன அன்னைக்கு ராத்திரியே அடுத்த கதைக்கு ஒரு பக்கமாவது எழுதிட்டுத்தான் படுப்பேன். நல்லா இருக்கணும்னு இல்லை, ஒரு பக்கம். மல்லி, உன் அடுத்த நாவல் என்ன?

அவனியாபுரம் மாறன்
ஜூலை 24, பகல் 12.30

நடுவுல வந்து கேக்குறேன் தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஒரு ஏஜென்ட் கிடைச்சிருக்காங்க! அனுப்பி நாலே நாள்ல பதில், உங்க எழுத்து அபாரம்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. மதிப்பீட்டுக் கட்டணம் 12,000, எடிட்டிங் 33,000, மொத்தம் 45,000 கட்டுனா மூணு மாசத்துல பதிப்பகம் உறுதின்னு சொல்றாங்க. வீட்டுல நகையை வைக்கலாமான்னு யோசிக்கிறேன். இது சரிதானா?

சிம்மக்கல் டிடிபி
ஜூலை 24, பகல் 12.41

மாறன் தம்பி, நகையைத் தொடாதீங்க. ஒத்தப் பைசா கட்டாதீங்க.

திருநகர் டு லண்டன்
ஜூலை 24, பிற்பகல் 1.45

மாறன், அண்ணே சொன்னதேதான். ஒழுங்கான ஏஜென்ட் படிக்கிறதுக்கு காசு வாங்கமாட்டாங்க, புக்கு வித்த பிறகு வர்ற பணத்துல அவங்க பங்கை எடுத்துக்குவாங்க. அமெரிக்க ஏஜென்ட் சங்கத்தோட நெறிமுறையிலயே படிக்கிறதுக்கு கட்டணம் கூடாதுன்னு இருக்கு. பதிப்பகம் உறுதின்னு யாராலயும் சொல்ல முடியாது, நல்ல ஏஜென்ட் கொண்டு போன புக்கே விக்காம போறது உண்டு. அவங்க இதுவரைக்கும் எந்த எழுத்தாளரோட எந்த புக்கை எந்தப் பதிப்பகத்துக்கு வித்தாங்கன்னு கேளுங்க, அந்தப் பதிப்பகத்துகிட்ட எழுத்தாளர் காசு குடுத்து போட்டதா இல்லையான்னும் பாருங்க. நாலு நாள்ல அபாரம்னு பதில் வந்ததும் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும், அந்த சந்தோசத்தை நம்பித்தான் இவங்க தொழிலே நடக்குது.

அவனியாபுரம் மாறன்
ஜூலை 24, இரவு 8.20

கேட்டேன். வித்த புக்கு பேரு எதுவும் சொல்லலை, இன்னைக்குள்ள கட்டுனா 5,000 தள்ளுபடின்னாங்க. விட்டுட்டேன். மனசு ரொம்ப கனமா இருக்கு, ஆனா நன்றி. அம்மாகிட்ட சொன்னேன், அவங்க உங்க எல்லாரையும் கும்பிட்டுச் சொல்லச் சொன்னாங்க.

கூடல் ராசா
ஜூலை 24, இரவு 10.00

மாறன் அண்ணே நான் பக்கத்துலதான், வில்லாபுரம் ஆர்ச் பக்கம். எப்பயாச்சும் டீ குடிக்க வாங்க. நேத்து அண்ணே சொன்னதுக்குப் பெறகு என் 20 பேரையும் எடுத்து ஒவ்வொருத்தர் பக்கமா போயி பாத்தேன். 8 பேரு நான் எழுதுற மாதிரி துப்பறியும் கதையே எடுக்குறதில்லைன்னு பச்சையா எழுதியிருக்காங்க. ரெண்டு பேரு ஒரே ஏஜென்சி, ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் அனுப்பியிருக்கேன். இது தப்பா?

திருநகர் டு லண்டன்
ஜூலை 24, இரவு 11.30

ஒரே நேரத்துல வேற வேற ஏஜென்சிக்கு அனுப்பலாம், அது எல்லாரும் எதிர்பாக்குறதுதான். ஒரே ஏஜென்சிக்குள்ள மட்டும் ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான். அவங்க வேண்டாம்னா, அங்கயே இன்னொருத்தருக்கு அனுப்பலாமா கூடாதான்னு அவங்க விதியில போட்டிருக்கும், சில எடத்துல ஒருத்தர் இல்லைன்னா எல்லாரும் இல்லைன்னு அர்த்தம். இன்னும் ஒண்ணு, லண்டன்காரங்க பெரும்பாலும் ஒரு கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூணு அத்தியாயம் கேப்பாங்க, அமெரிக்காவுல கடிதமும் முதல் அஞ்சு பத்து பக்கமும். சுருக்கத்துல முடிவை மறைக்காதீங்க, துப்பறியும் கதைன்னாலும் கொலைகாரன் யாருன்னு எழுதணும். நெறைய பேரு அதுலதான் சறுக்குறாங்க.

ஆகஸ்டுல இங்க பாதிப் பேரு லீவுல போயிருவாங்க. அக்டோபர்ல ஃபிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தை, அதுக்கு முன்ன பின்ன ஒருத்தரும் தலை நிமிர மாட்டாங்க. கிறிஸ்துமஸ்ல இருந்து பொங்கல் வரைக்கும் அப்படித்தான். அதனால ஆகஸ்ட் மாச மௌனத்துக்கு அர்த்தம் தேடாதீங்க.

மல்லிப்பொட்டலம்
ஜூலை 25, காலை 6.15

ரெண்டு நாளா தூங்குறேன். டீச்சர், அடுத்த நாவல் ஒண்ணு மனசுல இருக்கு, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல கணக்கு எழுதுற ஒரு பொண்ணு. நேத்து ராத்திரி அரைப் பக்கம் வந்துச்சு. முழுப் பக்கம் வரலை, கண்ணு சொக்கிருச்சு.

ஒரு கேள்வி. முழுசும் வாங்கி வச்சிருக்காங்களே, அவங்களுக்கு ஞாபகப்படுத்தி எழுதலாமா? எழுதுனா கோவிச்சுக்கிட்டு வேண்டாம்னுருவாங்களோன்னு பயமா இருக்கு.

சிம்மக்கல் டிடிபி
ஜூலை 25, காலை 9.50

எழுதலாம் தாயி. வெறும் கடிதம் அனுப்புனவங்களுக்கு அவங்க சொன்ன கெடு முடியுற வரைக்கும் எழுதக்கூடாது. முழுசும் வாங்கினவங்களுக்கு மூணு மாசம் தாண்டுனா ஒரு தடவை கேக்குறது முறைதான், மரியாதையா கேட்டதுக்காக யாரும் கோவிச்சுக்கிட மாட்டாங்க. பழைய மெயிலுக்கே பதிலா போடுங்க, நாவல் பேரு, அனுப்புன தேதி, இன்னும் உங்க பார்வைக்காகத்தான் காத்திருக்கேன்னு ரெண்டு வரி, போதும். மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. வேற யாராச்சும் நடுவுல சரின்னு சொன்னாங்கன்னா உடனே இவங்களுக்குத் தெரியப்படுத்தி ரெண்டு வாரம் அவகாசம் குடுக்கணும், அதையும் நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதி வச்சுக்கங்க, அந்த நாளு வரும்போது கை நடுங்கும், யோசிக்க வராது.

மல்லிப்பொட்டலம்
ஆகஸ்ட் 19, காலை 7.25

பதில் வந்துருச்சு. வேண்டாம்னுட்டாங்க.

காலைல ஆறு மணிக்குத்தான் பாத்தேன். ராத்திரி 11 மணிக்கே வந்திருக்கு, நான் தூங்கிக்கிட்டு இருந்திருக்கேன். நாலு வரி எழுதியிருக்காங்க. மடைக்காவலர் கிழவரும் அவரு மருமகளும் வர்ற பக்கமெல்லாம் உசுரோட இருக்கு, ஆனா கிழவர் செத்த பிறகு கதை எங்க போறதுன்னு தெரியாம நூறு பக்கம் நிக்குது, அதை என்னால விக்க முடியும்னு தோணலை, அடுத்து என்ன எழுதுனாலும் எனக்கு அனுப்புங்கன்னு இருக்கு.

அழுகை வந்துச்சு, இல்லைன்னு சொல்லமாட்டேன். அடுப்புல பாலை வச்சுட்டு நின்னு அழுதேன். மகளுக்கு தலை பின்னி விட்டு ஸ்கூல் வேனுல ஏத்திட்டு வந்து உட்காந்து இதை எழுதுறேன். ஏழு மாசத்துல முதல் தடவையா ஒருத்தர் என் கிழவரைப் பத்தி பேசியிருக்காங்க.

உசிலை டீச்சர்
ஆகஸ்ட் 19, காலை 7.50

வா மல்லி. இன்னைக்கு ஒண்ணும் முடிவு பண்ணாத. வேலைக்குப் போ, மதியம் நல்லா சாப்பிடு.

திருநகர் டு லண்டன்
ஆகஸ்ட் 19, பிற்பகல் 2.10

மல்லி, கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருக்கு. அடுத்து எழுதுறதை அனுப்புங்கன்னு பேச்சுக்குச் சொல்ற வழக்கம் கிடையாது, அது அவங்களுக்கே வேலையைக் கூட்டிக்கிறது. அந்த மெயிலை பத்திரமா வைங்க. ரெண்டு பேரு 50 பக்கத்தோட நிறுத்தினதையும் இதோட சேத்துப் பாருங்க, கிழவர் எத்தனாவது பக்கத்துல சாகுறாரு?

மல்லிப்பொட்டலம்
ஆகஸ்ட் 19, இரவு 9.40

நாப்பத்தி நாலாவது பக்கம்.

இப்ப எண்ணிப் பாத்துட்டுத்தான் எழுதுறேன். ஐயோ, அவங்க ரெண்டு பேரும் கூட அதே எடத்துலதான் நிறுத்தியிருக்காங்க.

கூடல் ராசா
ஆகஸ்ட் 19, இரவு 9.58

அக்கா அவரை ஏன் அம்புட்டு வெள்ளன சாகடிச்சீங்க? நான் படிக்கவே இல்லை, எனக்கே அவரை இன்னும் கொஞ்சம் பாக்கணும் போல இருக்கு.

சிம்மக்கல் டிடிபி
ஆகஸ்ட் 20, காலை 9.15

ராசா கேட்டது நல்ல கேள்வி. தாயி, இப்ப இருக்குற பேருகளுக்கு அவசரப்பட்டு அனுப்பாதீங்க, எப்படியும் அக்டோபர் வரைக்கும் அங்க சந்தை நெருக்கடி, நேரம் நமக்குத்தான் சாதகம். ஒரு ஏஜென்ட் ஒரு தடவை வேண்டாம்னா அதே நாவலை அவங்களுக்கு திரும்ப அனுப்புறது கஷ்டம், அதனால மிச்சம் இருக்குற பேரை சூதானமா வச்சுக்கணும். அந்த நடு நூறு பக்கத்தை முதல்ல சரி பண்ணுங்க. அதுக்கு நாலு கண்ணு வேணும்.

தெப்பக்குளம் சாரையும் சேத்துத்தான் கேக்குறேன், நம்ம எல்லாரும் இதே ஊருலதான இருக்கோம். நத்தம் ரோட்டு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல உட்கார நல்ல எடம் இருக்கு. வர்ற சனிக்கிழமை சந்திப்போமா?

தெப்பக்குளம்77
ஆகஸ்ட் 20, காலை 10.02

நான் வர்றேன். எனக்கு ஏஜென்ட் வேண்டாம், ஆனா படிக்கத் தெரியும்.

உசிலை டீச்சர்
ஆகஸ்ட் 20, மதியம் 1.15

சனிக்கிழமை அரை நாள் ஸ்கூல் இருக்கு, மூணு மணிக்குள்ள வந்துருவேன். நான் வர்ற வரைக்கும் கிழவர் சாகுற அத்தியாயத்தைத் தொடாதீங்க.

அவனியாபுரம் மாறன்
ஆகஸ்ட் 20, பிற்பகல் 2.30

நானும் ராசா தம்பியும் ஒரே வண்டியில வர்றோம். என்னோட கடிதத்தையும் ஒரு தடவை பாப்பீங்களா, திருத்தி எழுதியிருக்கேன்.

மல்லிப்பொட்டலம்
ஆகஸ்ட் 20, இரவு 10.20

வர்றேன். மகளையும் கூட்டிக்கிட்டு வர்றேன், அங்க பிள்ளைங்களுக்கு தனியா எடம் இருக்குல்ல. 40ல இருந்து 150 வரைக்கும் பிரிண்ட் எடுத்துட்டு வரவா, இல்லை லேப்டாப்ல பாத்துக்கலாமா?

சிம்மக்கல் டிடிபி
ஆகஸ்ட் 20, இரவு 10.31

வெளிய எங்கயும் எடுக்காதீங்க தாயி, கோப்பை எனக்கு அனுப்புங்க, கடையில அஞ்சு செட்டு போட்டு கொண்டாறேன். ரெண்டு வரிக்கு நடுவுல எடம் விட்டு. சிவப்புப் பேனா எடுத்துட்டு வாங்க.